ஷார்ப், ஃபிளாட், ஸ்லர்: இடைவெளியை எந்த நோட்டேஷன் மென்பொருளிடம் ஒப்படைப்பது?

ஐந்து கோட்டு ஸ்டாஃபில் இசை எழுதி அச்சிடுபவர்கள் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது விலை, ஒலியின் தரம், கற்றுக்கொள்ளும் எளிமை ஆகிய மூன்றையே பெரும்பாலும் பார்க்கிறார்கள். இடைவெளி பற்றிய கேள்வி, முதல் பிரதி வாசிப்பவரின் கைக்குப் போன பிறகே எழுகிறது. ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் அடுக்கான கார்டு ஒன்றின் முன்னால், சுரத்தை அரைச்சுரம் இறக்கும் இரண்டு ஃபிளாட்டும் ஏற்றும் ஒரு ஷார்ப்பும் உரசிக்கொண்டு நிற்கின்றன. சுரங்களைச் சேர்த்து வாசிக்கச் சொல்லும் ஸ்லரின் வளைவு, அழுத்தம் காட்டும் ஆக்சென்ட் குறியை வெட்டிக்கொண்டு போகிறது. சீராக ஓட வேண்டிய செமிகுவேவர் என்னும் குறுஞ்சுரங்களின் நடுவே, ஷார்ப்பையோ ஃபிளாட்டையோ நீக்கும் ஒரு நேச்சுரல் புகுந்ததால் அந்த இடத்தில் மட்டும் தாளம் தொய்ந்ததுபோல் கண்ணுக்குத் தோன்றுகிறது. வாசிப்பவர் ஒரு கணம் தயங்குகிறார், அந்தத் தயக்கம் இசையில் கேட்டுவிடுகிறது.

இப்போது இந்தக் கேள்வியோடு வருபவர்களில் கணிசமானோர் ஃபினாலேயைப் பயன்படுத்தி வந்தவர்கள். 1988 முதல் இருந்துவந்த அந்த மென்பொருளின் வளர்ச்சிப் பணி நிறுத்தப்படுவதாக 2024 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் அவர்களுக்கும் முன்னால் இன்று இருப்பவை முக்கியமாக நான்கு: லில்லிபாண்ட், மியூஸ்ஸ்கோர் ஸ்டுடியோ, டோரிகோ, சிபேலியஸ். ஷார்ப், ஃபிளாட், நேச்சுரல் போன்ற ஆக்சிடென்டல்களையும் மற்றக் குறிகளையும் இடம் அமர்த்தும் விதத்தில் மட்டும் இவற்றை ஒப்பிடுகிறேன். ஒலி, நூலகம், பதிவேற்ற வசதி போன்றவை இங்கே வராது.

நான்குமே எதுவும் தொடாத நிலையில் தரும் முதல் பக்கம் இன்று வாசிக்கத் தகுந்ததாகவே இருக்கிறது. ஆகவே அந்த முதல் பக்கத்தின் அழகை வைத்து முடிவெடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கையால் செய்த திருத்தம், இசை மாறிய பிறகும், பக்கம் மாறிய பிறகும், ஒரு கருவிக்கான தனிப் பிரதி எடுத்த பிறகும் சரியாக இருக்கிறதா என்பதே மென்பொருள்களை உண்மையில் பிரிக்கிறது.

## அளவுகோல்கள்

கார்டின் முன்னால் அடுக்கு. பேச்சு எளிதாக இருக்க, ஸ்டாஃபின் அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் கோட்டிடைவெளி என்று கொள்வோம். இசை எழுத்துருக்களுக்கான பொதுத் தரமான ஸ்மஃபலின் மாதிரி எழுத்துருவான பிராவுராவில் ஷார்ப் ஏறத்தாழ 2.8 கோட்டிடைவெளி உயரமும் 1 கோட்டிடைவெளி அகலமும் உடையது. நேச்சுரலின் உயரமும் கிட்டத்தட்ட அதுவே, அகலம் மூன்றில் இரண்டு பங்கு. ஃபிளாட் 2.5 கோட்டிடைவெளிக்குச் சற்றுக் குறைவு. அதன் பெரும்பகுதி சுரத்தின் நிலைக்கு மேலே நீண்டு நிற்கிறது. இரண்டு அரைச்சுரம் ஏற்றும் டபுள் ஷார்ப் மேலும் கீழும் அரை அரையாக ஒரே ஒரு கோட்டிடைவெளிக்குள் அடங்கிவிடும்.

இந்த எண்களிலிருந்தே இசையைத் தகட்டில் பொறித்து அச்சிட்ட பழைய பொறிப்பாளர்களின் விதிகள் பிறக்கின்றன. இரு சுரங்களையும் சேர்த்து எண்ணும்போது ஏழு படிகள் வரும் ஏழாம் இடைவெளியில் இருக்கும் இரண்டு சுரங்களுக்கு நடுவே 3 கோட்டிடைவெளி இருப்பதால் இரண்டு ஷார்ப்புகள் ஒரே செங்குத்து வரிசையில் நிற்கலாம். ஆறாம் இடைவெளியில் 2.5 மட்டுமே கிடைப்பதால் ஷார்ப்புகள் மோதும், ஃபிளாட்டுகள் மட்டும் மயிரிழையில் தப்பும். எட்டாம் இடைவெளியில் உள்ளவை ஒரே வரிசையில் நிற்பதுதான் மரபு. நெருக்கமான கார்டில் மேல் சுரத்தின் குறி, சுரத்தின் முட்டை வடிவத் தலைக்கு மிக அருகில், அடுத்து கீழ்ச் சுரத்தின் குறி, பிறகு மேலிருந்து இரண்டாவது என்று மாறி மாறி உள்நோக்கி வர வேண்டும். கார்டில் இரண்டாம் இடைவெளி இருந்து, ஒரு தலை தண்டின் இடப்பக்கம் தள்ளப்பட்டிருந்தால், குறிகள் அந்தத் தலையையும் தாண்டி நிற்க வேண்டும். ஒரே ஸ்டாஃபில் இரண்டு குரல்கள், அதாவது தனித்தனி இசை ஓட்டங்கள், சேர்ந்தால் இரண்டின் குறிகளையும் ஒன்றாகக் கணக்கிட்டே அடுக்க வேண்டும். ஒரு மென்பொருள் குறிகளை வெறும் செவ்வகப் பெட்டிகளாகப் பார்க்கிறதா, ஃபிளாட்டின் ஒல்லியான மேல்பகுதிக்கு அருகே இன்னொரு குறியை நுழைக்கும் அளவுக்கு உருவத்தின் விளிம்பையே பார்க்கிறதா என்பதை இங்கே கண்டுகொள்ளலாம்.

கிடைமட்ட இடம். மினிம் என்ற நீண்ட சுரத்துக்குக் குரோச்செட் என்ற குறுகிய சுரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் இருந்தாலும் தாளில் இரண்டு மடங்கு இடம் கொடுப்பதில்லை. ஏறத்தாழ ஒன்றரை மடங்கே கொடுக்கிறோம். இந்த விகிதத்தின் மேல்தான் ஆக்சிடென்டல் வந்து உட்காருகிறது. முந்தைய சுரத்துக்குப் பின்னால் ஏற்கெனவே இருக்கும் வெற்றிடத்தை அது முதலில் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். அது போதாதபோது மட்டுமே இரு சுரங்களுக்கு நடுவே தூரம் கூட வேண்டும். ஒவ்வொரு ஷார்ப்புக்கும் அதன் அகலத்தை அப்படியே கூட்டிக்கொண்டே போகும் மென்பொருளில் வேகமான ஓட்டங்கள் மேடு பள்ளமாகத் தெரியும். எதற்கும் விட்டுக்கொடுக்காத மென்பொருளில் ஷார்ப்பின் இடக்கோடு முந்தைய சுரத்தின் தலையைத் தொடும். பாடல் வரிகள் சேர்ந்தால் நீண்ட அசை ஒன்று இந்தக் கணக்கு முழுவதையும் கலைத்துவிடும்.

மேலும் கீழும் வரும் குறிகள். சுரத்தைச் சுருக்கி வாசிக்கச் சொல்லும் ஸ்டக்காட்டோ, முழு நீளத்துக்கும் வாசிக்கச் சொல்லும் டெனூட்டோ போன்றவை சுரத்தின் தலைக்கு அருகில், கோட்டின் மேல் படாமல் இடைவெளிக்குள் அமர வேண்டும். அதற்கு வெளியே ஆக்சென்ட், அதற்கும் வெளியே பெரும்பாலும் ஸ்லர், அதன் பின் சுரத்தை நீட்டச் சொல்லும் ஃபெர்மாட்டா, கடைசியில் வேகத்தைக் காட்டும் டெம்போவும் ஒத்திகைக் குறிகளும் வரும். ஒலியின் வலிமையைக் காட்டும் டைனமிக்ஸும், அது கூடுவதையும் குறைவதையும் காட்டும் ஹேர்பின்னும் கருவி இசையில் ஸ்டாஃபுக்குக் கீழே ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். பாடுபவருக்கு வரிகள் கீழே இருப்பதால் இவை மேலே போக வேண்டும்.

திருத்தத்தின் ஆயுள். நான் அதிக எடை கொடுப்பது இதற்குத்தான். திருத்தத்தை மென்பொருள் மூன்று விதமாக நினைவில் வைக்கலாம். முதலாவது, விதியாக: எல்லா ஆக்சிடென்டலுக்கும் தலைக்கும் நடுவே இவ்வளவு தூரம். இரண்டாவது, உறவாக: இந்தக் குறி அந்தக் குறியிலிருந்து குறைந்தது இவ்வளவு விலகி நிற்க வேண்டும். மூன்றாவது, வெறும் நகர்த்தலாக: இருந்த இடத்திலிருந்து இடப்பக்கம் அரை கோட்டிடைவெளி. முதல் இரண்டும் சூழல் மாறினால் தாமே சரிசெய்துகொள்ளும். மூன்றாவது, எந்த மோதலைத் தவிர்க்கச் செய்தோமோ அந்த மோதல் மறைந்த பிறகும் அப்படியே நின்று, காரணமில்லாத ஓட்டையாகப் பக்கத்தில் தங்கிவிடும். சுருதி மாற்றி எழுதிய பிறகு ஒரு பக்கத்தில் வரும் விசித்திரங்களில் பெரும்பாலானவை இப்படிக் காலாவதியான நகர்த்தல்களே.

ஸ்கோரும் தனிப் பிரதியும். எல்லாக் கருவிகளும் சேர்ந்த ஸ்கோரில் செய்த நகர்த்தல் வயலின் வாசிப்பவரின் தனிப் பிரதிக்கும் போகலாமா, போகக் கூடாதா என்பதைப் பயனர் தீர்மானிக்க முடிய வேண்டும்.

## லில்லிபாண்ட்

ஹான்-வென் நியன்ஹௌஸும் யான் நியூவென்ஹௌசனும் 1996இல் தொடங்கிய இந்தக் கட்டற்ற மென்பொருளில் இசையைச் சுட்டியால் வரைவதில்லை, உரையாக எழுதுகிறோம். கையால் பொறித்த பழைய பதிப்புகளின் தோற்றத்தை எட்டுவதே அதன் தொடக்க நோக்கமாக இருந்தது. அந்த நோக்கம் அதன் இடைவெளிக் கணக்கில் இன்றும் தெரிகிறது.

ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் ஆக்சிடென்டல்களை, வெவ்வேறு குரல்களில் இருந்தாலும், ஒரு தனிப் பொருளின் கீழ்த் திரட்டி ஒன்றாக அடுக்குகிறது. உருவங்களின் விளிம்பைக் கணக்கில் கொள்வதால் ஃபிளாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று நெருங்கி அமர்கின்றன. கிடைமட்டத்தில், சுரங்களுக்கு நடுவே விரிந்து சுருங்கும் வில்லும், குறிகளின் உடலுக்குச் சுருங்காத கோலும் இருப்பதாகக் கொண்டு வரியை நிரப்புகிறது. எனவே ஆக்சிடென்டல் முதலில் இருக்கும் இடத்தைத் தின்று, பிறகே தள்ளுகிறது. வரியை எங்கே முறிப்பது என்பதையும் ஒவ்வொரு வரியாக முடிவு செய்யாமல் முழு இசையையும் பார்த்துத் தீர்மானிப்பதால் ஒரு வரி நெரிசலாகவும் அடுத்த வரி காலியாகவும் இருப்பது அரிது.

ஸ்டாஃபுக்கு வெளியே நிற்கும் குறிகள் ஒவ்வொன்றுக்கும் முன்னுரிமை எண் உண்டு. எண் சிறியதாக இருந்தால் ஸ்டாஃபுக்கு அருகில் நிற்கும். டைனமிக்ஸ் வரிசைக்கு 250, எழுத்துக் குறிப்புகளுக்கு 450, ஒத்திகைக் குறிக்கு 1500 என்பவை இயல்பான மதிப்புகள். இவற்றில் ஒன்றை மாற்றினால் போதும், அடுக்கு வரிசை முழு ஸ்கோரிலும் மாறிவிடும். என்னைப் பொறுத்தவரை குறிகளின் வரிசையைத் திருத்த இதைவிடத் தெளிவான வழி வேறு எந்த மென்பொருளிலும் இல்லை. ஆக்சிடென்டல் எப்போது அச்சாக வேண்டும் என்பதற்கும் பெயரிட்ட பாணிகள் பல உள்ளன: அடுத்த பாரில், அதாவது ஸ்டாஃபின் இரு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே உள்ள அடுத்த பகுதியில், நினைவூட்டும் நவீன பாணி, அதையே அடைப்புக்குள் காட்டும் பாணி, ஒவ்வொரு சுரத்துக்கும் குறி போடும் பன்னிரு சுரப் பாணி எனப் பலவாறு. உரையில் நாம் எப்போதும் உண்மையான சுரத்தையே எழுதுகிறோம். குறி வேண்டுமா வேண்டாமா என்பது அச்சின் பொறுப்பு.

திருத்தத்தின் ஆயுளைப் பொறுத்தவரை இது வலுவானது. திருத்தக் கட்டளை எந்தச் சுரத்துக்கு முன்னால் எழுதப்பட்டதோ அந்தச் சுரத்தோடு எங்கும் போகும். இரண்டு பதிப்புகளை வரிக்கு வரி ஒப்பிட்டு யார் எதை மாற்றினார்கள் என்று பார்க்கலாம். ஒரு சிக்கல் உண்டு: அதே உரை ஸ்கோருக்கும் தனிப் பிரதிக்கும் பயன்படுவதால் ஸ்கோருக்காக எழுதிய நகர்த்தல் பிரதியிலும் வந்துவிடும். அதைத் தடுக்க ஒட்டுப்பெயர் (டேக்) இட்டுப் பிரித்து வைக்கும் ஒழுங்கைத் தொடக்கத்திலிருந்தே கடைப்பிடிக்க வேண்டும்.

மறைந்த செலவு நேரம்தான். ஸ்லரின் வளைவைக் கையால் பிடித்து வளைக்க முடியாது; எண்ணை மாற்றி, மீண்டும் தொகுத்து, பார்த்து, மறுபடியும் மாற்ற வேண்டும். ஃப்ரெஸ்கோபால்டி போன்ற தொகுப்பானில் அச்சுத் தோற்றத்தில் ஒரு சுரத்தைச் சொடுக்கினால் உரையில் அதன் இடத்துக்கு அழைத்துச் செல்லும் என்றாலும், பெரிய ஸ்கோரில் காத்திருப்பு காத்திருப்புதான். உடன் பணிபுரிபவர்களும் இந்த உரைமொழியைக் கற்றிருக்க வேண்டும்.

இசை ஏற்கெனவே முடிவாகிவிட்ட நிலையில், நூல் வடிவில் பல ஆண்டுகள் வைத்திருக்கப்போகும் பதிப்புக்கும், ஒரே அமைப்பில் நூற்றுக்கணக்கான சிறு பாடங்கள் அச்சிடுவதற்கும் இதையே முதலில் சொல்வேன். எழுத எழுத இசையைக் கண்டுபிடிப்பவருக்கு இது தடையாகவே இருக்கும்.

## மியூஸ்ஸ்கோர் ஸ்டுடியோ

இதுவும் கட்டற்ற மென்பொருள், விலை இல்லை. இடைவெளியில் இது கடந்து வந்த தூரத்தை அறிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் இதைப் பற்றி நிலவும் குறைகளில் பல பழைய பதிப்புகளைச் சேர்ந்தவை. 2018 டிசம்பரில் வந்த 3ஆம் பதிப்பில்தான் குறிகள் தாமாக மோதலைத் தவிர்க்கும் தானியங்கு இடஅமைவு வந்தது. 2021 ஜனவரியின் 3.6 பதிப்போடு லீலண்ட் என்ற புதிய எழுத்துரு வந்தது. ஸ்கோர் என்ற பெயரிலேயே முன்னோடி மென்பொருளை உருவாக்கிய லீலண்ட் ஸ்மித்தின் நினைவாக அந்தப் பெயர். கிடைமட்ட இடைவெளிக் கணக்கு 2022 டிசம்பரின் 4ஆம் பதிப்பில் புதிதாக எழுதப்பட்டது. 2ஆம் பதிப்பைப் பார்த்துவிட்டு ஒதுக்கியவர்கள் இன்றைய பதிப்பை மறுபடி பார்ப்பது நியாயம்.

பாணி அமைப்புப் பெட்டியில் ஆக்சிடென்டலுக்கும் தலைக்கும் நடுவே உள்ள தூரம், இரண்டு ஆக்சிடென்டல்களுக்கு நடுவே உள்ள தூரம், சுர இடைவெளியின் விகிதம், பக்கத்தின் அடர்த்தி ஆகியவற்றை முழு ஸ்கோருக்கும் மாற்றலாம். நெரிசலைக் கண்டதும் பெரும்பாலானோர் அந்த ஒரு பாரை மட்டும் விரிக்கிறார்கள்; அடர்த்தியைச் சற்றுக் குறைத்தாலே பத்து இடங்களில் பிரச்சினை தீர்ந்துவிடுவதைப் பலர் கவனிப்பதில்லை.

தனித்தனிக் குறிகளுக்குப் பண்புப் பலகத்தில் நகர்த்தல் மதிப்பும், குறைந்தபட்சத் தூரமும், தானியங்கு இடஅமைவை அணைக்கும் தேர்வும் உள்ளன. ஆபத்தும் இங்கேதான். ஒரு ஸ்லர் அடங்க மறுத்தால் தானியங்கை அணைத்துவிட்டு இழுத்து வைப்பது மிக எளிது. அணைத்த கணத்திலிருந்து அந்த ஸ்லர் மற்றக் குறிகளைப் பார்ப்பதும் நின்றுவிடுகிறது, மற்றவை அதைப் பார்ப்பதும் நின்றுவிடுகிறது. பிறகு அங்கே ஒரு ஆக்சென்ட் சேர்த்தால் இரண்டும் மோதும், மென்பொருள் எதுவும் சொல்லாது. எனவே அணைப்பதற்கு முன் குறைந்தபட்சத் தூரத்தை மாற்றிப் பார்ப்பது நல்ல பழக்கம். அது உறவாக நினைவில் நிற்கும், மேலே சொன்ன இரண்டாம் வகை.

மறைந்த செலவு பதிப்பு மாற்றத்தில் இருக்கிறது. பழைய பதிப்பில் கையால் சீராக்கிய கோப்பைப் புதியதில் திறந்தால் அடிப்படைக் கணக்கே மாறியிருப்பதால் வரிமுறிவுகளும் நகர்த்தல்களும் பொருந்தாமல் போகலாம். நடந்துகொண்டிருக்கும் பெரிய பணியை நடுவில் பதிப்பு உயர்த்தக் கூடாது.

மாணவர்கள், ஆசிரியர்கள், சேர்ந்திசைக் குழுக்கள், பலர் ஒரே கோப்பைத் திறந்து திருத்த வேண்டிய இடங்கள் ஆகியவற்றுக்கு இதுவே பொருத்தம். யாரிடமும் மென்பொருள் வாங்கும்படி கேட்க வேண்டியதில்லை. அச்சின் தரமும் பெரும்பாலான தேவைகளுக்குப் போதுமானது.

## டோரிகோ

2012இல் சிபேலியஸின் லண்டன் அலுவலகம் மூடப்பட்டபோது அங்கிருந்த வடிவமைப்பாளர்களில் பலரை ஸ்டெயின்பர்க் நிறுவனம் சேர்த்துக்கொண்டது. அவர்கள் வெறும் தாளிலிருந்து தொடங்கி 2016 அக்டோபரில் வெளியிட்டதுதான் டோரிகோ. ஸ்மஃபல் தரமும் பிராவுரா எழுத்துருவும் அந்தப் பணியின் வழியே பிறந்து இன்று மற்ற மென்பொருள்களுக்கும் பொதுவாகிவிட்டன. இசைப் பொறிப்புத் துறைக்கு அந்தக் குழு செய்த பெரிய கொடையாக இதைக் கருதுகிறேன்.

டோரிகோவில் முதலில் கவனிக்க வேண்டியது, ஆக்சிடென்டல் பயனர் ஒட்டும் பொருள் இல்லை என்பது. நாம் சுரத்தைக் கொடுக்கிறோம். வரியின் தொடக்கத்தில் நிற்கும் ஷார்ப், ஃபிளாட் தொகுதியான சாவிக் குறியையும், பாரையும், தேர்ந்தெடுத்த விதியையும் பார்த்து எங்கே குறி வர வேண்டும் என்று மென்பொருள் கணக்கிடுகிறது. பொது மரபு, இரண்டாம் வியன்னாப் பள்ளி, மாடர்னிஸ்ட் என்று மூன்று அடிப்படை விதிகள் உள்ளன. நினைவூட்டும் குறிகளுக்கும் நுட்பமான தேர்வுகள் உண்டு. பார்களை வெட்டி வேறிடத்தில் ஒட்டினாலும் தாள அமைப்பையே மாற்றினாலும் குறிகள் புதிய சூழலுக்கு ஏற்பத் தாமே தோன்றும், மறையும். திருத்தத்தின் ஆயுளைப் பற்றிக் கவலைப்படுபவருக்கு இது பெரிய ஆறுதல்: திருத்தம் தேவைப்படாத இடத்தில் காலாவதியாவதற்கு எதுவும் இல்லை.

பொறிப்புத் தேர்வுகள் பகுதியில் ஆக்சிடென்டல்களுக்கெனத் தனிப் பக்கம் இருக்கிறது. தலையிலிருந்து தூரம், வரிசைகளுக்கு நடுவே தூரம், நெருக்கி அமர்த்தும் அளவு ஆகியவை படங்களோடு விளக்கப்பட்டிருக்கின்றன. அடுத்தடுத்து வரும் டைனமிக்ஸும் ஹேர்பின்னும் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒரே மட்டத்தில் நிற்கின்றன, ஒன்றை நகர்த்தினால் குழுவே நகர்கிறது. சுர இடைவெளியின் இயல்பு விகிதம் 1.41, அதாவது இரண்டின் வர்க்கமூலத்தை ஒட்டியது. அதைத் தளவமைப்புக்குத் தளவமைப்பு மாற்றலாம். ஒரு பத்தியில் மட்டும் இடைவெளி மாற வேண்டுமானால் அந்த இடத்திலிருந்து தொடங்கும் இடைவெளி மாற்றத்தை நட்டு வைத்து, முடியும் இடத்தில் மீட்டமைக்கலாம்.

ஸ்கோருக்கும் தனிப் பிரதிக்கும் தனித்தனித் தளவமைப்புகள் உண்டு. ஒரு பண்பை மாற்றும்போது அது இந்தத் தளவமைப்புக்கு மட்டுமா எல்லாவற்றுக்குமா என்பதை நாமே தேர்ந்தெடுக்கிறோம். மற்ற மூன்றில் எதுவும் இந்த வேறுபாட்டை இவ்வளவு வெளிப்படையாகக் கேட்பதில்லை.

மறைந்த செலவுகள் இரண்டு. இலவசப் பதிப்பும் நடுத்தரப் பதிப்பும் இருந்தாலும், பொறிப்புப் பகுதியின் முழு வசதி ப்ரோ பதிப்பில் மட்டுமே உண்டு. இடைவெளிக்காகவே டோரிகோவை நாடுபவர் சிறிய பதிப்பில் ஏமாற்றம் அடைவார். இரண்டாவது, அது இசையின் இலக்கணத்தை அறிந்த மென்பொருள் என்பதால் இலக்கணத்துக்கு வெளியே உள்ள ஒன்றை எழுத விரும்பினால் அதை நம்பவைக்கச் சுற்றுவழி தேட வேண்டியிருக்கும். மற்ற மென்பொருளிலிருந்து வருபவர்களின் முதல் வாரங்கள் கடினமாக இருப்பதும் இதனால்தான்.

பல கருவிகளுக்கான நீண்ட ஸ்கோர், கடைசி நிமிடம் வரை இசையமைப்பாளர் மாற்றிக்கொண்டே இருக்கும் பணி, அரைச்சுரத்தினும் சிறிய கால்சுரக் குறிகள் உட்படப் பயனரே வரையறுக்கும் சுர அமைப்புகள் ஆகியவற்றுக்கு டோரிகோ ப்ரோவை முதலிடத்தில் வைக்கிறேன்.

## சிபேலியஸ்

1993இல் ஏகார்ன் நிறுவனத்தின் கணினிகளுக்காக வெளிவந்த சிபேலியஸை 2006இல் ஆவிட் நிறுவனம் வாங்கியது. இதன் இடைவெளியைப் புரிந்துகொள்ள இரண்டு அமைப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, 2009இல் 6ஆம் பதிப்போடு வந்த மேக்னடிக் லேஅவுட். எழுத்து, டைனமிக்ஸ், ஸ்லர் போன்றவை மோதும்போது எது முதலில் விலக வேண்டும் என்ற முன்னுரிமைப் பட்டியல்படி அவை தாமே நகர்கின்றன. தீர்க்க முடியாத மோதல்களைச் சிவப்பில் காட்டும் வசதி உண்டு. அச்சுக்கு முன் பக்கங்களைச் சரிபார்க்கும்போது இது மிகவும் உதவும். திருப்தியான நிலையை அப்படியே உறையவைக்கவும் செய்யலாம்.

இரண்டாவது, சுர இடைவெளி. இது விதியிலிருந்து கணக்கிடப்பட்டு, பிறகு பாரில் பதிந்துவிடுகிறது. பிறகு நாம் ஷார்ப்புகளைச் சேர்த்தாலும் எடுத்தாலும் அந்தப் பதிவு எல்லா வேளையும் முழுமையாக மறுகணக்கிடப்படுவதில்லை. எனவே குறிப்பிட்ட பார்களைத் தேர்ந்து சுர இடைவெளியை மீட்டமைப்பது சிபேலியஸ் பயனரின் அன்றாடப் பழக்கம். மீட்டமைத்தால் கையால் நகர்த்திய சுரங்களின் இடமும் அழிந்துவிடும் என்பதால் வரிசை முக்கியம்: முதலில் இசை முழுவதும், அடுத்து மீட்டமைப்பு, கடைசியில் கைத்திருத்தம். இந்த ஒழுங்கை மாற்றினால் உழைப்பு வீணாகும்.

இதையே நன்மையாகவும் பார்க்கலாம். பதிந்தது நகராது. ஒரு பாரை இழுத்துச் சரிசெய்த பின் வேறொரு பக்கத்தில் செய்யும் மாற்றம் அதன் உள் விகிதத்தைக் கெடுக்காது. நெருக்கடியான காலக்கெடுவில் வேலை செய்யும் பிரதியாளர்கள் பலர் இந்த நிலைத்தன்மையை விரும்புவதில் காரணம் இருக்கிறது. கையால் இழுத்துத் திருத்தும் வேகத்திலும் சிபேலியஸ் மிகச் சிறந்தது.

சந்தாச் செலவும், சிறிய பதிப்புகளில் வீட்டுப்பாணி எனப்படும் ஸ்கோர் முழுவதுக்குமான தோற்ற அமைப்பின் தேர்வுகள் குறைக்கப்பட்டிருப்பதும் வெளிப்படையாகத் தெரிபவை. மறைந்திருப்பது பழைய கோப்புகளில் தங்கியிருக்கும் உறைந்த நிலைகளும் நகர்த்தல்களும்தான். பிறர் கொடுத்த கோப்பைத் திறந்தால் முதலில் அவற்றை நீக்கிவிட்டுத் தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும். ஒரு பதிப்பகமோ ஒலிப்பதிவுக் குழுவோ ஏற்கெனவே சிபேலியஸில் இயங்கி, உருவாக்கி வைத்த வீட்டுப்பாணிக் கோப்புகளும் இருந்தால், அதை விட்டு வெளியேற இடைவெளி மட்டும் போதுமான காரணம் ஆகாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | லில்லிபாண்ட் | மியூஸ்ஸ்கோர் ஸ்டுடியோ | டோரிகோ | சிபேலியஸ் |
|---|---|---|---|---|
| தொடாத நிலையில் அடுக்கு | மிக நன்று | நன்று, 4ஆம் பதிப்பு முதல் | மிக நன்று | நன்று |
| சுர இடைவெளி மறுகணக்கு | ஒவ்வொரு தொகுப்பிலும் | உடனுக்குடன் | உடனுக்குடன் | சில வேளை மீட்டமைக்க வேண்டும் |
| குறிகளின் வரிசையை மாற்றுதல் | முன்னுரிமை எண் | பாணி, குறைந்தபட்சத் தூரம் | பொறிப்புத் தேர்வுகள் | முன்னுரிமைப் பட்டியல் |
| கையால் இழுத்துத் திருத்துதல் | நேரடியாக இல்லை | எளிது | ப்ரோவில் முழுமையாக | மிக எளிது |
| திருத்தத்தின் ஆயுள் | நீண்டது | தானியங்கை அணைக்காதவரை நன்று | நீண்டது | வேலையின் வரிசையைப் பொறுத்தது |
| முக்கியமான மறைந்த செலவு | கற்கும் நேரம் | பதிப்பு உயர்த்தல் | ப்ரோவின் விலை | சந்தா, பழைய நகர்த்தல்கள் |

## இடம் மாறும்போது

ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு இசையைக் கொண்டுபோகப் பொதுவான வழி மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற பரிமாற்றக் கோப்பு வடிவம். சுரங்கள், ஆக்சிடென்டல்கள், ஸ்லர்கள், டைனமிக்ஸ் எல்லாம் பெரும்பாலும் பத்திரமாகப் போய்ச்சேரும். இடைவெளி போகாது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். சில இடக் குறிப்புகளைக் கோப்பு ஏந்திச் சென்றாலும், புதிய மென்பொருள் தன் கணக்கின்படியே பக்கத்தை அமைக்கும். பழைய நகர்த்தல்களை அப்படியே ஏற்பது பெரும்பாலும் தீங்கு, ஏனென்றால் அவை வேறொரு எழுத்துருவின் அகலத்துக்காகச் செய்யப்பட்டவை. ஃபினாலேயிலிருந்து வெளியேறுபவர்கள், அந்த மென்பொருள் தங்கள் கணினியில் இயங்கும்போதே, எல்லாக் கோப்புகளையும் மியூசிக்எக்ஸ்எம்எல்லாகவும் பிடிஎஃப்பாகவும் எடுத்து வைத்துவிட வேண்டும். பிடிஎஃப் இடைவெளிக்குச் சாட்சி, மற்றது இசைக்குச் சாட்சி.

## முடிவெடுக்கும் முன் ஒரு சோதனைப் பக்கம்

விளம்பரப் படங்களை நம்பாமல் ஒரே பக்கத்தை இரண்டு அல்லது மூன்று மென்பொருள்களில் எழுதிப் பாருங்கள். அந்தப் பக்கத்தில் ஐந்து ஆக்சிடென்டல்கள் கொண்ட கார்டு ஒன்று வரட்டும். அதில் ஓர் இரண்டாம் இடைவெளியும் ஓர் எட்டாம் இடைவெளியும் இருக்கட்டும். ஒவ்வொரு மூன்றாம் சுரத்துக்கும் ஷார்ப் வரும் செமிகுவேவர் ஓட்டம், இரண்டு குரல்கள் ஒரே ஸ்டாஃபில் நெருங்கும் பார், ஸ்டக்காட்டோவும் ஆக்சென்டும் ஸ்லரும் ஒரே சுரத்தில் கூடும் இடம், வரி முறியும் இடத்தைக் கடக்கும் ஹேர்பின், நீண்ட அசைகள் கொண்ட பாடல் வரி, அடைப்புக்குள் நினைவூட்டும் குறி ஆகியவையும் வேண்டும்.

எழுதி முடித்து, கண்ணுக்குப் பிடிக்காதவற்றைத் திருத்துங்கள். அதன் பிறகுதான் உண்மையான சோதனை. முழுப் பக்கத்தையும் அரைச்சுரம் மேலே மாற்றுங்கள். ஆக்சிடென்டல்கள் ஏறத்தாழ எல்லாமே மாறிவிடும். பக்கத்தின் அகலத்தைக் குறையுங்கள். ஒரு கருவியின் தனிப் பிரதியை எடுங்கள். ஒவ்வொரு படியிலும், முன்பு செய்த திருத்தங்களில் எவை இன்னும் உதவுகின்றன, எவை இப்போது தொல்லையாகிவிட்டன என்று குறித்துக்கொள்ளுங்கள். தொல்லையானவை குறைவாக இருக்கும் மென்பொருள், முதல் பக்கத்தில் சற்றுப் பின்தங்கியிருந்தாலும், நீண்ட பணியில் முந்திவிடும்.

பார்க்கும்போது அச்சிட்ட தாளை, வாசிப்பவர் உட்காரும் தூரத்தில் வைத்தே பாருங்கள். திரையில் பெரிதாக்கினால் கால் கோட்டிடைவெளியின் குறைகூடப் பூதாகரமாகத் தெரியும். செமிகுவேவர் ஓட்டத்தின் மேடு பள்ளமோ அங்கே கண்ணில் படவே படாது. இரண்டு மென்பொருள்கள் இதிலும் சமமாக நின்றால், உங்கள் கோப்பை அடுத்ததாகத் திறக்கப்போகிறவரிடம் எது இருக்கிறதோ அதையே தேர்ந்தெடுங்கள். அப்போது நீங்கள் அமைத்த இடைவெளி உங்கள் கணினியைத் தாண்டியும் அப்படியே இருக்கும்.